காவல் நிலையமும் மனநல மருத்துவமும்: சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு கூட்டுப் பொறுப்பு

ஊர்ப்புறங்களில் மனநோய் முற்றி நெருக்கடியாகும்போது முதலில் அழைக்கப்படுவது பெரும்பாலும் காவல் நிலையம்தான். நள்ளிரவில் ஒருவர் அரிவாளை எடுத்துக்கொண்டு யாரோ தன்னைக் கொல்ல வருவதாகக் கத்துகிறார். பேருந்து நிறுத்தத்தில் ஊர் பேர் தெரியாத ஒரு பெண் பல நாளாகக் கந்தல் உடையோடு படுத்துக் கிடக்கிறார். பூச்சி மருந்து குடித்த இளைஞர் ஒருவரை உறவினர்கள் அரசு மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். மூன்றும் மருத்துவ நெருக்கடிகள். ஆனாலும் மூன்றிலும் காவலர் வந்து நிற்கிறார். ஸ்டேஷன் இரவு பகல் திறந்திருக்கிறது, அங்கே வண்டி இருக்கிறது, கூப்பிட்டால் வர ஆள் இருக்கிறது என்பது ஊராருக்குத் தெரியும். மனநல மருத்துவர் இருப்பதோ மாவட்டத் தலைநகரில், பகல் நேரப் புறநோயாளிப் பிரிவில்.

மனநல சேவைக்கு இப்படிக் காவல் நிலையமே வாசலாக இருக்கிறது. அந்த வாசலுக்கு வந்தவர் மருத்துவரிடம் போய்ச் சேர இந்தியச் சட்டம் வகுத்துள்ள வழி தெளிவானது. சேலம், நாமக்கல் போன்ற மாவட்டங்களில் அந்த வழி எங்கே அறுபடுகிறது, எதைக் கொண்டு அதை இணைக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நிலமும் அமைப்பும்

நாமக்கல் 1997ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் 34,82,056 பேரும் நாமக்கல் மாவட்டத்தில் 17,26,601 பேரும் வாழ்ந்தனர். ஆத்தூர், தலைவாசல் பக்கம் மரவள்ளியும் சேகோ ஆலைகளும், எடப்பாடி, குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறியும், நாமக்கல்லில் லாரித் தொழிலும் கோழிப் பண்ணைகளும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலும் மக்களின் பிழைப்பு. மாதக்கணக்கில் வெளி மாநிலங்களில் வண்டியோடு இருக்கும் ஆண்கள், ஷிப்டு முறையில் தறியில் நிற்கும் குடும்பங்கள், கந்துவட்டியும் குழுக்கடனும், மழை பொய்த்தால் காயும் மேட்டுக்காடு என்று மனத்தை அழுத்தும் காரணங்கள் இங்கே பல.

காவல் அமைப்பில் சேலம் மாநகருக்குத் தனி ஆணையரகம் உண்டு. மாநகரத்துக்கு வெளியே உள்ள ஊர்ப்புறம் சேலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழும், நாமக்கல் மாவட்டம் அதன் கண்காணிப்பாளரின் கீழும் வருகின்றன. மருத்துவத் தரப்பில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே நெடுங்காலமாக இப்பகுதியின் பெரிய புகலிடம். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இவற்றுக்குக் கீழே ஆத்தூர், மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி, ராசிபுரம், திருச்செங்கோடு போன்ற ஊர்களில் அரசு மருத்துவமனைகளும், அவற்றுக்கும் கீழே ஆரம்ப சுகாதார நிலையங்களும் உள்ளன. ஆத்தூரிலிருந்து சேலம் சுமார் 50 கிலோமீட்டர். இரவு நேரத்தில், கட்டுக்குள் வராத ஒரு நோயாளியோடு கடக்க அது நீண்ட தூரம்.

பிடித்து அடைப்பதிலிருந்து பாதுகாத்து ஒப்படைப்பது வரை

மனநோயையும் காவலரையும் இணைக்கும் சட்டத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம், அலைந்து திரியும் மனநோயாளிகளைக் கைது செய்யக் காவல் நிலைய அதிகாரிக்கு அதிகாரம் தந்தது. அதன் நோக்கம் ஊரின் பாதுகாப்பு. நோயாளியின் நலம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சற்று மாறியது. காவலர் அத்தகையவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வேண்டும், நடுவர் ஆணையிட்டால் மனநல மருத்துவமனையில் சேர்க்கலாம் என்று அது சொன்னது. தமிழ்நாட்டில் அதன் பொருள் பெரும்பாலும் சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். 1794இல் தொடங்கிய அந்த நிறுவனம் சேலத்திலிருந்து சுமார் 340 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நடுவர் ஆணையும் வழிக்காவலுமாக ஒருவரை அவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு சிறு நிலையத்துக்குப் பெரும் சுமை. திரும்ப அழைத்து வரவோ ஆளே இல்லை.

இடையில் இரண்டு நிகழ்வுகள் நாட்டின் மனசாட்சியை உலுக்கின. குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைத்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1993இல் ஷீலா பார்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. ஏர்வாடி தர்காவைச் சுற்றியிருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. சிகிச்சை எட்டாத தூரத்தில் இருக்கும்போது குடும்பங்கள் சங்கிலியை நாடுகின்றன என்ற கசப்பான உண்மையை ஏர்வாடி எல்லோர் கண்முன்னும் வைத்தது.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இந்த வரலாற்றிலிருந்து பாடம் கற்றது. அதில் நோயாளி உரிமை உடைய குடிமகன். காவலர் அவரை மருத்துவரிடம் கொண்டுசேர்க்கும் பொறுப்பாளர்.

பிரிவு 100 சொல்லும் கடமைகள்

இச்சட்டத்தின் 100ஆம் பிரிவு ஒவ்வொரு காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டியது. தன் எல்லைக்குள் அலைந்து திரிபவர், மனநோயால் தன்னைத்தானே கவனித்துக்கொள்ள இயலாதவர் என்று நம்பக் காரணம் இருந்தால் அவரைப் பாதுகாப்பில் எடுப்பது அதிகாரியின் கடமை. மனநோயின் காரணமாகத் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவருக்கும் இது பொருந்தும். ஏன் அழைத்துச் செல்கிறோம் என்ற காரணத்தை அவரிடமோ அவருடைய பிரதிநிதியிடமோ சொல்ல வேண்டும். கூடிய விரைவில், 24 மணி நேரத்துக்கு மிகாமல், அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் அவரை லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது.

சட்டம் மனநல மருத்துவமனை என்று சொல்லாமல் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையம் என்று சொல்வது ஊர்ப்புறத்துக்குப் பெரிய வரம். கெங்கவல்லிப் பக்கத்தில் மீட்கப்பட்டவரை நேராகச் சேலத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஆத்தூர் அரசு மருத்துவமனையில் ஒப்படைக்கலாம். அதன்பின் அவருடைய தேவைகளை மதிப்பிட ஏற்பாடு செய்வது அங்குள்ள மருத்துவ அதிகாரியின் பொறுப்பு. மனநல மருத்துவர் இல்லை என்பது ஏற்க மறுப்பதற்கான காரணமாகாது. உயிருக்கோ உடலுக்கோ பெரும் தீங்கு நேரும் நிலையில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம் என்று 94ஆம் பிரிவு இடம் தருகிறது.

மருத்துவமனைக்கு முதலில் போக வேண்டியதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. பிதற்றுபவர் எல்லாரும் மனநோயாளி அல்லர். ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்தாலும், தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்தாலும், மூளைக்காய்ச்சல் வந்தாலும் மனிதர் தடுமாறிப் பேசுவார், முரண்டு பிடிப்பார். வலிப்பு வந்து தெளியும் நேரத்திலும் அப்படியே. இவற்றைப் போதை என்றோ திமிர் என்றோ எண்ணி நிலையத்தில் உட்கார வைத்தால் உயிர் போகலாம்.

அனுமதிக்கும் அளவுக்கு மனநோய் இல்லை என்று மருத்துவர் முடிவு செய்தால், காவலர் அவரை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். வீடற்றவரானால் அரசின் வீடற்றோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும். வீடின்றி அலைந்த மனநோயாளி குறித்துக் காணாமற்போனவருக்கான முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தகவல் சொல்வதும் நிலைய அதிகாரியின் கடமை. நெடுஞ்சாலைகளும் சேலம் ரயில் சந்திப்பும் இருக்கும் இந்தப் பகுதியில் இந்தக் கடைசிக் கடமை மிக முக்கியமானது. எங்கோ வடக்கே ரயிலேறியவர் மொழி தெரியாத ஊரில் இறங்கி நடக்கத் தொடங்கிவிடுகிறார். சிகிச்சையில் மனம் தெளிந்தபின் அவர் சொல்லும் ஊர்ப் பெயர் ஒன்றே துப்பு. அதைப் பிடித்துக்கொண்டு அந்த மாநிலக் காவல் நிலையத்தோடு பேசக் காவல் துறையால் மட்டுமே விரைவாக முடியும். மகாராஷ்டிரத்தின் கர்ஜத்தில் இவ்வாறு பல்லாயிரம் பேரை வீடு சேர்த்த மருத்துவர் பரத் வட்வானிக்கு 2018இல் ராமன் மகசேசே விருது கிடைத்தது. சென்னையில் 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பும், சென்னைக் காவல் துறை 2021 ஏப்ரலில் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய ‘காவல் கரங்கள்’ திட்டமும் இத்துறையில் தமிழ்நாட்டின் முன்மாதிரிகள்.

வீட்டுக்குள் அடைபட்டவர்கள்

தெருவில் அலைபவர் கண்ணில் படுகிறார். வீட்டின் பின்கட்டில், மாட்டுக் கொட்டகையில் கட்டப்பட்டிருப்பவர் கண்ணில் படுவதில்லை. ஒருவர் மனநோயோடு வீட்டில் கொடுமைப்படுத்தப்படுகிறார் அல்லது கவனிப்பாரற்றுக் கிடக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், நிலைய அதிகாரி உடனே நடுவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்கிறது 101ஆம் பிரிவு. அப்படி ஒருவர் இருப்பதாக யார் வேண்டுமானாலும் காவல் நிலையத்தில் தெரிவிக்கலாம். மதிப்பீட்டுக்காகப் 10 நாளுக்கு மிகாமல் மருத்துவமனையில் அனுமதிக்க 102ஆம் பிரிவின்படி நடுவர் ஆணையிடலாம். மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதை 95ஆம் பிரிவு தடை செய்கிறது.

இத்தகைய வீடுகளுக்குள் நுழையும் காவலர் குற்றவாளியைத் தேடுபவர்போல நுழைந்தால் காரியம் கெடும். பல வீடுகளில் கட்டிப்போட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். கோயிலுக்கும் கோடாங்கிக்கும் அலைந்து, தாயத்துக் கட்டி, மருந்துக்குச் செலவழித்து ஓய்ந்தபின், காட்டு வேலைக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கட்டியவர்கள். கிராம நிர்வாக அலுவலர், கிராம சுகாதாரச் செவிலியர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர் ஆகியோருடன் காவலர் போனால் கதவு எளிதில் திறக்கும். மாத்திரை மாதம் தவறாமல் கிடைக்கும் என்ற உறுதி கிடைத்தால் பெரும்பாலான குடும்பங்கள் கட்டை அவிழ்க்கத் தயங்கமாட்டா.

தற்கொலை முயற்சியும் வழக்கு பற்றிய அச்சமும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தனர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாட்டிலேயே இதுவே மிகுந்த எண்ணிக்கை. நாடு முழுவதற்குமான விகிதம் ஒரு லட்சம் பேருக்கு 12.4 ஆக இருக்க, தமிழ்நாட்டின் விகிதம் 25.9. எலி பேஸ்ட், பூச்சி மருந்து, அரளி விதை, சாணிப் பவுடர் ஆகியவை மேற்கு மாவட்ட அவசர சிகிச்சைப் பிரிவுகள் நன்கறிந்த நஞ்சுகள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி மருந்துக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. கடைகளில் அந்தத் தடை நிலைக்க வேளாண் துறையோடு காவல் துறையும் கண்காணிக்க வேண்டும். இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபின் தற்கொலை விகிதம் பெருமளவு குறைந்தது, நஞ்சு எட்டாமல் இருப்பதே எத்தனை உயிர்களைக் காக்கும் என்பதற்குச் சான்று. சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதி ஊர்களில் பூச்சி மருந்தைப் பொது இடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தது. மரவள்ளியும் பருத்தியும் விளையும் சேலம், நாமக்கல் ஊர்களும் அதை ஏற்கலாம்.

தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றது 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கவோ அவரை நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாக நீடிக்கிறது. திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மண்ணெண்ணெய்க் கேனோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு வருபவர்கள் விஷயத்தில் இப்பிரிவைக் கவனத்தோடு கையாள வேண்டும். கடனும் நிலத்தகராறும் நெருக்கி, கேட்க ஆளில்லை என்று நொந்து வந்தவருக்கு வழக்கு இன்னொரு சுமையாகும். அவரைத் தடுத்து நிறுத்தும் காவலரே மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போவதுதான் 115ஆம் பிரிவின் உணர்வுக்குப் பொருந்தும்.

சட்டம் மாறினாலும் அச்சம் மாறவில்லை. அரசு மருத்துவமனையில் நஞ்சருந்தியவர் வந்ததும் விபத்துப் பதிவேட்டில் எழுதப்பட்டு, புறக்காவல் நிலையத்துக்குத் தகவல் போகிறது. வழக்கு வரும் என்று பயந்து குடும்பத்தார் ‘தவறுதலாகக் குடித்துவிட்டார்’ என்கிறார்கள். அதனால் மருத்துவர் அந்த மனத்தின் வலியைக் கேட்கும் வாய்ப்பு போய்விடுகிறது. வாக்குமூலம் வாங்க வரும் காவலர் ‘உங்கள்மீது வழக்கு இல்லை’ என்று முதல் வார்த்தையாகச் சொன்னால் இந்தப் பூட்டு திறக்கும். ஒருமுறை முயன்றவர் மறுபடி முயலும் ஆபத்து அதிகம். ஆகவே வீடு திரும்பும் முன் மனநலப் பிரிவில் ஒருமுறை பார்ப்பதும், அடுத்த வாரங்களில் தொடர்ந்து விசாரிப்பதும் உயிர் காக்கும்.

மதுவும் காவல் கைகளும்

ஊர்ப்புறக் காவலர் சந்திக்கும் மனநலச் சிக்கல்களில் மதுவோடு தொடர்புடையவை மிகுதி. நாள்தோறும் குடிப்பவர் திடீரென்று குடியை நிறுத்த நேர்ந்தால் இரண்டு, மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, இல்லாதது தெரிவது, வலிப்பு என்று உயிராபத்தான நிலைக்குப் போகலாம். கைதாகி அடைக்கப்பட்டவருக்கும் இது நேரும். அவர் பிதற்றினால் மருத்துவரை அழைக்க வேண்டும், மிரட்டினால் அடங்காது.

2021 ஜூனில் கரோனா ஊரடங்கின்போது, சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் காவல் எல்லையில் உள்ள பாப்பநாயக்கன்பட்டி சோதனைச்சாவடியில், மது அருந்தி வந்த ஒருவர் காவலர் தாக்கியதில் உயிரிழந்தார். சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். இறந்தவர் மனநோயாளி அல்லர். ஆனாலும் தன் நிலையில் இல்லாத ஒருவரிடம் குரலைத் தாழ்த்தி, விலகி நின்று, நேரம் கொடுத்துப் பேசும் பயிற்சி எவ்வளவு அவசியம் என்பதை இந்தச் சாவு உரக்கச் சொல்கிறது.

மருத்துவத் தரப்பின் பங்கு

காவலர் கொண்டுவந்து சேர்க்கும் கதவு மறுபக்கம் திறந்திருக்க வேண்டும். 1982இல் தேசிய மனநலத் திட்டமும் 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கின. தமிழ்நாட்டில் திருச்சியில் தொடங்கிய மாவட்டத் திட்டம் பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. சிகிச்சை கிடைக்காத இவர்களில் ஒரு பகுதியினரே பின்னாளில் காவல் நிலையத்தில் போய் நிற்கிறார்கள். வட்டார மருத்துவமனையில் மனச்சிதைவுக்கான மாத்திரை மூன்று மாதம் தொடர்ந்து கிடைத்தால், அந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு வரும் அழைப்புகள் குறையும்.

தூரத்தைக் குறைக்கத் தொலைபேசி உதவும். சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்குப் பேருந்தில் தொலைமருத்துவ வசதியைக் கொண்டுசென்றது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி மனநலச் சேவை 14416 என்ற எண்ணில் இரவு பகல் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநில ஊர்ப்புறக் காவலர்கள், நெருக்கடி நடக்கும் இடத்திலிருந்தே கைக்கணினி வழியாக மனநல வல்லுநரை நோயாளியோடு பேச வைக்கிறார்கள். தலைவாசலிலோ மோகனூரிலோ ரோந்து போகும் காவலர் 14416ஐ அழைத்து ஒலிபெருக்கியில் போட்டால் அதே பயன் இங்கேயும் கிடைக்கும்.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987இல் மனநோயுள்ள ஓர் இளைஞரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றதை அடுத்து, 1988இல் நெருக்கடிப் பயிற்சி பெற்ற காவலர் அணி உருவானது. அதற்கான பயிற்சி 40 மணி நேரம். பயிற்சியைப் போலவே முக்கியமானது, காவலர் கொண்டுவருபவரைத் தாமதமின்றி ஏற்கும் மருத்துவமனை ஏற்பாடு. இங்கிலாந்தில் செவிலியரும் காவலரும் ஒரே வண்டியில் செல்லும் முறை 2013 வாக்கில் பரவியது. பின்னர் அங்கே, உடல்நலச் சிக்கலுக்குக் காவலரை அனுப்புவதையே குறைக்க வேண்டும் என்ற கொள்கை ஹம்பர்சைட் பகுதியில் தொடங்கி நாடெங்கும் சென்றது. நோயாளிக்கு முன் சீருடை நிற்பது அச்சத்தைக் கூட்டும் என்ற வாதம் சரியானதே. ஆனால் காவலர் விலகும் இடத்தில் வேறொருவர் வந்து நிற்க வேண்டும். சேலம் சமவெளியில் நள்ளிரவில் அந்த இன்னொருவர் இன்னும் இல்லை. 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்சே அந்த இடத்துக்கு மிக அருகில் இருப்பது. காவலரும் 108 பணியாளரும் சேர்ந்து போவதே இங்கே பொருத்தமான முதற்படி.

காவலரின் மனமும்

காவலர் உள்ளிட்ட அரசுப் பணியாளர்களுக்கு மனநலம் குறித்துக் காலமுறைப் பயிற்சி தருவதை 30ஆம் பிரிவு அரசின் கடமையாக்குகிறது. அப்பயிற்சி காவலரின் சொந்த மனத்திலிருந்து தொடங்க வேண்டும். விடுப்பின்றிப் பணி, தூக்கமில்லாத பாரா, குடும்பத்தைப் பிரிந்த பந்தோபஸ்து எல்லாம் அவரையும் வாட்டுகின்றன. நிம்ஹான்ஸ் துணையோடு தமிழ்நாடு காவல் துறை நடத்திய காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி இந்த உண்மையை ஏற்ற நல்ல முயற்சி. தன் மன அழுத்தத்தை அடையாளம் காணக் கற்றவர் எதிரே நிற்பவரின் மன அழுத்தத்தையும் எளிதில் அடையாளம் காண்பார்.

கூட்டுமுறைக்குத் தேவையானவை

இதுவரை சொன்னவற்றிலிருந்து ஒரு மாவட்டக் கூட்டுமுறைக்கு வேண்டிய உறுப்புகள் தெளிவாகின்றன. ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் இரவில் நோயாளியை ஏற்க வேண்டிய அரசு மருத்துவமனை எது என்று பெயர் குறித்து எழுதி வைக்க வேண்டும். மாவட்ட மனநலக் குழுவின் தொடர்பு எண்ணும் 14416 எண்ணும் நிலையத்தின் வரவேற்பு மேசையில் தெரிய வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் ஆண் காவலரும் ஒரு பெண் காவலரும் இதற்கெனப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். 1992 முதல் தமிழ்நாட்டில் இயங்கும் அனைத்து மகளிர் காவல் நிலையங்களும் இதில் சேர வேண்டும், குடும்பத் தகராறு என்று வரும் மனுக்களில் பல, கவனிக்கப்படாத மனச்சோர்விலும் குடிநோயிலும் வேர்கொண்டவை. பாதுகாப்பில் எடுத்த நேரம், ஒப்படைத்த நேரம், ஏற்ற மருத்துவரின் கையொப்பம், குடும்பத்தைத் தேடிய விவரம் ஆகியவை தனிப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். நோயாளியின் மருத்துவ விவரமோ வேறு எவருக்கும் போகக் கூடாது. மாதம் ஒருமுறை காவல், சுகாதாரம், வருவாய், சமூக நலம் ஆகிய துறைகளின் அலுவலர்கள் கூடி, அந்தப் பதிவேட்டை வைத்து எந்த நோயாளி எங்கே தடைபட்டார் என்று பார்க்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை. புதிய கட்டடமும் வேண்டியதில்லை. இரக்கமுள்ள ஓர் ஆய்வாளர் இருக்கும்வரை ஒரு நிலையம் நன்றாக நடக்கும். அவர் மாற்றலாகிப் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். தனிமனித நல்லெண்ணத்தை நம்பியிருக்கும் ஏற்பாடு நோயாளிக்குப் பாதுகாப்பாகாது. சேலம், நாமக்கல் மாவட்ட ஆட்சியர்களும் காவல் கண்காணிப்பாளர்களும் சுகாதாரத் துறை அலுவலர்களும் இணைந்து கையொப்பமிட்ட எழுத்துப்பூர்வமான நடைமுறை ஒன்றை வெளியிட்டு, ஒவ்வொரு நிலையத்திலும் மருத்துவமனையிலும் அதை ஒட்டிவைக்க வேண்டும். அந்த நடைமுறை நிறைவேற்றப்போவது சட்டம் ஏற்கெனவே கட்டளையிட்டுள்ள கடமைகளையே.